ஆணி இல்லாத ஆள்

திருச்சினாப்பள்ளி டவுன் சப் மாஜிஸ்திரேட் முன்பாக, 1943-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், முகம்மது கனி என்பவர் கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று தொடரப்பட்ட வழக்கில், சாட்சி தானாக முன்வந்து சொல்லக் கேட்டு எழுதியது.

பெயர் வீராயி. வயது சுமார் முப்பது, சரியாகத் தெரியாது என்கிறார். இருப்பிடம் திருவானைக்காவல், கொண்டையம்பேட்டை, வாய்க்கால் கரை. தொழில் கோணிக்கு ஒட்டுப் போடுதல். புருஷன் பெயரைக் கேட்டதற்கு, அதைத் தன் வாயால் சொல்வதில்லை என்றார். கோர்ட்டுச் சேவகர் வெளியே விசாரித்து வந்து, காலஞ்சென்ற காத்தான் என்று சொன்னதன் பேரில் எழுதப்பட்டது. பிறர் பேச்சைச் சொல்லுமிடத்திலும் சாட்சி அந்தப் பெயரை விட்டுவிட்டே சொன்னார், அங்கெல்லாம் அது குமாஸ்தாவால் சேர்க்கப்பட்டது. சத்தியம் செய்துகொண்டு சாட்சி கூறுவதாவது:

கோட்டை ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் பார்சல் கிடங்கில் நானும் என் புருஷனும் வேலை செய்துவந்தோம். உறையூர்ச் சேலைக் கட்டு, சுருட்டுப் பெட்டி, புகையிலைச் சிப்பம், பித்தளைச் சாமான் எல்லாம் அங்கே வந்து, கட்டி, தைத்து, ஊர் பேர் எழுதி, ரயிலுக்குப் போகும். யுத்தம் வந்த பிறகு சரக்கு பெருகிவிட்டது, ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆண்கள் மூன்று செட்டாக வேலை செய்வார்கள். மூட்டை தூக்குகிற செட்டுக்கு நல்லுசாமி மேஸ்திரி. பெட்டி அடிக்கிற செட்டுக்கு இருதயநாதன் மேஸ்திரி. சிப்பம் தைக்கிறவர்கள் தனிச் செட்டு, அவர்களுக்கும் ஒரு மேஸ்திரி உண்டு. நான் எந்தச் செட்டிலும் சேர்ந்தவள் அல்ல. வெளியே வேப்ப மரத்தடியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கிழிந்த கோணியைத் தைக்கிறவள். எல்லோருக்கும் மேலே மேனேஜர் ரெங்கராஜ். அவருக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். முதலாளியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வழக்குக்கு முக்கியமானது ஆணி. ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் பாதி வரைக்கும் மச்சு உண்டு. மச்சின் தரையில் ஒரு சதுர வாசல். அதன் வழியாகக் கயிறும் கப்பியும் வைத்துச் சிப்பங்களை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மச்சில் நின்று கயிறு விடுகிறவர் முகம்மது கனி பாய். சிப்பம் அந்த வாசலில் இறங்கும்போது வாசலே அடைபட்டுவிடும். கீழே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. சத்தம் போட்டுச் சொல்லலாம் என்றால் பக்கத்தில் ரயில் லைன், வாசலில் வண்டிகள், காது கேட்காது. ஆனால் மச்சுக்கு எதிரே நிற்கும் தேக்குத் தூண்கள் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு தூண். அதில் செட்டு ஆட்களுக்கு ஆளுக்கு ஓர் ஆணி. மச்சு வாசலுக்குக் கீழே போகிறவன் தன் துண்டைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஒரு துண்டு தொங்கினாலும் பாய் கயிற்றை விடமாட்டார். மூன்று தூணும் காலியாக இருந்தால் விடுவார். நான் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம்.

ஒருவன் ஆணியில் இன்னொருவன் துண்டு மாட்டக் கூடாது. முன்பு ஒருமுறை அப்படி மாட்டினதில், ஆணிக்காரன் வந்து இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கீழே நின்றவனுக்குக் கால் விரல்கள் போயின. அதிலிருந்து அடுத்தவன் ஆணியைத் தொட்டால் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

என் புருஷன் முதலில் நல்லுசாமி செட்டில் மூட்டை தூக்கினார். அப்போது அவருக்கு ஆணி இருந்தது. அவரிடம் ஒரு குணம். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார். பார்த்ததைக் கை செய்துவிடும். கோணி ஊசியை எடுத்தார் என்றால் தையல்காரர்களைவிட நெருக்கமாகத் தைப்பார். பெட்டிக்கு இரும்புப் பட்டை இழுத்து அடிப்பார். தராசு பிடிப்பார். மை வைத்து ஊர் பேர் எழுதுவார், படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்து அப்படியே எழுதுவார். கயிறு அறுந்தால் பின்னிச் சேர்க்கப் பாய் கற்றுக்கொடுத்தார், அதையும் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் என் அடுப்பைப் பிரித்துக் கட்டுவார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு போன வருஷம் ஆயுத பூஜையன்று மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கூப்பிட்டு, சிவப்புக் கரை போட்ட உறையூர்த் துண்டு ஒன்றைத் தோளில் போட்டார். "காத்தான எங்க போட்டாலும் நிப்பான்டா. இனிமே இவன் ஒரு செட்டுக்காரன் இல்ல, குடோனுக்கே சொந்தம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் நல்லுசாமி அவர் பெயரைத் தன் செட்டிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். ஆணி அந்த ஆளுக்குப் போய்விட்டது.

அதிலிருந்து அவருக்கு நேர்ந்ததை எசமான் கவனிக்க வேண்டும். தூக்குகிறவர்கள் தூக்கி முடித்தால் உட்காருவார்கள். தைக்கிறவர்களுக்குச் சிப்பம் வராவிட்டால் வெற்றிலை போடுவார்கள். இவருக்கு மட்டும் உட்கார இடமே கிடையாது. இங்கே முடிந்தால் அங்கே, அங்கே முடிந்தால் இன்னொரு இடம். டீ வந்தால் செட்டு செட்டாக வாங்கிக் குடிப்பார்கள், இவர் கிளாஸ் எந்தக் கணக்கிலும் வராது. பாய் தன் கிளாஸில் பாதி ஊற்றிக் கொடுத்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு செட்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் மேஸ்திரி போய் மேனேஜரிடம் சொல்லி அனுப்பிவைப்பார். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று மேஸ்திரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லுசாமி, "எங்க ஆளு இல்லையே, நான் எப்படிப் போய்ச் சொல்றது" என்றார். உடம்பு நெருப்பாகக் கொதிக்க அன்று சாயங்காலம் வரைக்கும் பெட்டி அடித்தார்.

ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் அவர் எல்லாச் செட்டுக்கும் சொந்தமாகிவிடுவார். கரூருக்குப் போக வேண்டிய சுருட்டுப் பெட்டி காரைக்குடிக்குப் போனபோது, காத்தான் எழுதியது என்றார்கள். தையல் விட்டுப்போனால், காத்தான் தைத்தது என்றார்கள். மேனேஜர் அவரை வாசலில் வெயிலில் நிறுத்தி வைத்தார். நிறுத்தி வைத்த நேரத்திலேயே உள்ளே ஆள் போதவில்லை என்று திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். மற்றவர்கள் அவரை மேனேஜரின் ஒற்றன் என்றும் பேசினார்கள். அப்படிப்பட்ட ஆள் அவர் அல்ல. பேசவே தெரியாதவர்.

எனக்கு ஆத்திரம் வரும். ஒரு நாள் சோறு போடும்போது, "தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொன்னா என்னய்யா? வாய்ல கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். "தெரியாதுன்னு எப்படிப் புள்ள சொல்றது, கை தானாப் போயிடுதே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு மேலும் ஆத்திரம் வரும். இதையெல்லாம் எழுத வேண்டாம், சம்பவத்தைச் சொல் என்று குமாஸ்தா சொன்னார். இதுவும் சம்பவம்தான் என்று நான் சொல்ல, எழுதும்படி எசமான் உத்தரவிட்டார்.

ஆணியைப் பற்றிக் கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: என் புருஷன் மூன்று மேஸ்திரிகளிடமும் ஆணி கேட்டார். ஒருவரும் தங்கள் தூணில் இடம் கொடுக்கவில்லை. ஆணி கொடுத்தால் செட்டில் ஆளாக எண்ண வேண்டும், லீவு முறை வரும்போது அவரையும் சேர்க்க வேண்டும், அதுதான் காரணம். அதன் பிறகு அவரே சுத்தியலை எடுத்து நல்லுசாமி தூணில், கடைசி ஆணிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். யார் பிடுங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தூணில் ஓட்டை மட்டும் இருந்தது. அதன் பிறகு கனி பாய் மச்சிலிருந்து இறங்கி வந்து மேனேஜரிடம் கேட்டார். நான் அப்போது கோணிக் கட்டைக் கொண்டுபோய் உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். "எசமான், காத்தானுக்கு எங்கயாச்சும் ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க. மேலேருந்து எனக்கு ஆளு தெரியமாட்டேங்குது" என்றார் பாய். அதற்கு மேனேஜர், "குடோனே அவனோடது, அவனுக்கு எதுக்குத் தனியா ஆணி? நீ உன் கயித்தப் பாரு" என்றார்.

அதிலிருந்து என் புருஷன் மச்சு வாசலுக்குக் கீழே போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "பாய், கீழ நான்" என்று கூப்பிடுவார். பாயும் குனிந்து பார்த்து, சரி என்று கை காட்டுவார். துண்டை மாட்ட இடம் இல்லாததால் தினமும் காலையில் அதை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சோற்று நேரத்தில் வாங்கி முகம் துடைத்துக்கொண்டு மறுபடி கொடுத்துவிடுவார். மரத்தடியில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். கேலி கூடச் செய்வார்கள்.

அதன் பிறகு இந்த ஆடிப் பதினெட்டு வந்தது. தையல் மேஸ்திரி தம் ஆட்களுக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு கேட்டு வாங்கினார், அவர்கள் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். தூக்குகிறவர்களுக்கும் பெட்டிக்காரர்களுக்கும் சாயங்காலம் முறை. பெண்களுக்கு அன்று வேலை இல்லை. என் புருஷனுக்காக லீவு கேட்க ஆள் இல்லை. நான் காலையில் காவேரிக்குப் போய் முழுகி, பூவும் காதோலை கருகமணியும் ஆற்றில் விட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கிளறித் தூக்கில் வைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டிக் கிடங்குக்குப் போனேன். ஆறு இரு கரையும் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் உள்ளே நின்று மச்சைப் பார்த்து, "பாய், மிச்சம் இருக்கறது எல்லாத்தையும் இறக்கு. வண்டி நிக்குது, ரயில் போயிடும்" என்று கத்திக்கொண்டிருந்தார். அது வாசல் வரைக்கும் கேட்டது. தூக்குகிறவர்கள் இறக்கினதை வண்டியில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டிக்காரர்களும் அவர்களோடு இருந்தார்கள். என் புருஷன் வெளியே வந்தார். அன்று காலையில் நான் அங்கே இல்லாததால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே வேலை செய்திருந்தார். அதை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். இலையில் புளிச்சோறு வைத்தேன். புதுக் கயிற்றைப் பார்த்து, "மஞ்சள் நல்லா இருக்கு புள்ள" என்றார். ஒரு வாய் தின்றார்.

அப்போது மேனேஜர் வாசலுக்கு வந்து, "காத்தான், மச்சு வாசலுக்குக் கீழ ஒரு புகையிலைச் சிப்பம் வாய் பிரிஞ்சு கொட்டுதுடா. தைக்கிறவன் ஒருத்தனும் இல்ல. ஊசிய எடுத்துக்கிட்டு ஓடு" என்றார். அவர், "சாப்புட்டு வரேங்க" என்றார். "வந்து தின்னுக்கலாம், ஓடுடா" என்றார் மேனேஜர். என் புருஷன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். துண்டை என் மடியில் போட்டு, "வச்சுக்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்த வண்டிக்காரனிடம் பேசப் போய்விட்டார். மச்சைப் பார்த்து, நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அவர் உள்ளே திரும்பவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் புருஷன் அன்று பாயைக் கூப்பிட்டாரா என்று கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: எனக்குத் தெரியாது. எப்போதும் கூப்பிடுவார். ஆனால் அவர் உள்ளே போன நேரம் ஸ்டேஷனில் இன்ஜின் நீராவி விட்டுக்கொண்டு நின்றது, எனக்குப் பக்கத்தில் இருந்த காக்கை கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சிப்பம் தரையில் விழும் சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது அந்தச் சத்தம் அல்ல. நான் எழுந்து ஓடினேன். உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் தூணுக்குத்தான் போயிற்று. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான் போகும். மூன்று தூணிலும் ஆணிகள் காலியாக இருந்தன. ஒரு துண்டும் இல்லை. நல்லுசாமி தூணில் கடைசி ஆணிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ஓட்டை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் நான் தரையைப் பார்த்தேன்.

அவர் பிரிந்த சிப்பத்தின் மேல் குனிந்தபடியே இருந்தார். இறங்கிய சிப்பம் அவர் முதுகின் மேல் இருந்தது. ஊசி கையில் இருந்தது. பாதி வாய் தைத்திருந்தார். கனி பாய் ஏணியில் இறங்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சறுக்கி வந்தார், உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய் இருந்தன. அவரும் நானும் சேர்ந்து சிப்பத்தைப் புரட்டித் தள்ளினோம். பாய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யா அல்லா, ஆணியெல்லாம் காலியாத்தானே இருந்துச்சு, தங்கச்சி. நான் பாத்துட்டுத்தானே விட்டேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். என் புருஷன் வாயில் இன்னும் புளிச்சோற்றின் கடலைப்பருப்பு இருந்தது. உயிர் இல்லை. என் கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயவில்லை.

அதன் பிறகு கைவண்டியில் வைத்துப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். துண்டு என் இடுப்பில் செருகி இருந்தது. அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார். பாயைப் போலீசார் அங்கேயே அழைத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நான் தூக்கையும் இலையையும் எடுக்கக் கிடங்குக்குப் போனேன். அவர் சாப்பிட்ட இலையை நாய் இழுத்துவிடக் கூடாது என்று தோன்றியது, அதற்காகத்தான் போனேன்.

உள்ளே போலீசார் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கண் தூணுக்குப் போயிற்று. நல்லுசாமி தூணில் ஓட்டை இல்லை. அந்த இடத்தில் ஒரு புது ஆணி இருந்தது. மற்ற ஆணிகள் எல்லாம் வியர்வையில் கறுத்துப்போனவை. இது பளபளவென்று இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. மடிப்புக் கலையாத துண்டு. நல்லுசாமி போலீசாரிடம், "நம்ம செட்டு ஆளுதாங்க. இதுதான் அவன் ஆணி. துண்டு மாட்டிட்டுத்தான் போயிருக்கான், பாய் கவனிக்காம விட்டுட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான் அவர்களை நோக்கி நடந்தேன். சேதி கேட்டு வந்திருந்த பெண்கள் என்னைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்கள்.

வெளியே இருதயநாதன் மேஸ்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "வீராயி, அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இதைக் கோர்ட்டில் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. என் புருஷன் அடித்தபோது பிடுங்கினார்கள். அவர் செத்த பிறகு அதே ஓட்டையில் அடித்தார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் எங்கள் ஆள் இல்லை என்றவர்கள், பிணமானதும் எங்கள் ஆள் என்றார்கள். என் வயிறு எரிகிறது, அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு மூன்றாம் நாள் பாயின் சம்சாரம், வஹீதா என்பவர், வாய்க்கால் கரைக்கு வந்தார். என் குடிசைக்கு எதிரே வெகு நேரம் நின்றார். உள்ளே வரவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு காரியம் முடிந்த மறுநாள் மேனேஜர் ஆள் அனுப்பினார். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். நல்லுசாமியும் இருந்தார். மேனேஜர் நயமாகத்தான் பேசினார். "வீராயி, உன் புருஷனுக்கு ஆணி இருந்துச்சு, துண்டு மாட்டிட்டுப் போனான்னு கோர்ட்ல சொல்லு. அவனுக்கும் பாய்க்கும் சண்டைன்னும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் மேலும் சொன்னார். "உன்னை மரத்தடியிலேயே வச்சிருக்க மாட்டேன். நீயும் கெட்டிக்காரிதான். கோணி தைக்கிற, சிப்பமும் தைப்ப, மூட்டை எண்ணுவ, கூட்டுவ. எங்க போட்டாலும் நிப்ப. காத்தான் இடத்துல உன்னை வச்சுக்கறேன், குடோனுக்கே நீ சொந்தம்" என்றார்.

அந்தச் சொற்களை நான் முன்பே கேட்டவள். "எனக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க" என்று சொன்னேன். "என்ன புள்ள, தைக்கத் தெரியாதா?" என்றார் நல்லுசாமி. "தெரியாது. கூட்டத் தெரியாது. எண்ணத் தெரியாது. ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதிலிருந்து கிடங்குக்குப் போகவில்லை. அன்றைக்கு என் புருஷன் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன்.

விரோதம் உண்டா என்று கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: என் புருஷனுக்கும் முகம்மது கனி பாய்க்கும் எந்த விரோதமும் இல்லை. அந்தக் கிடங்கில் என் புருஷனுக்கு ஆள் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது பாய் ஒருவர்தான். பாய் விட்ட சிப்பம்தான் அவரைக் கொன்றது, அதை நான் மறுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இப்போதும் முடியவில்லை. ஆனால் அவர் தூணைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். தூணில் துண்டு இல்லை, ஏனென்றால் தூணில் ஆணி இல்லை.

போலீசார் கைப்பற்றிய வெள்ளைத் துண்டைக் காட்டிக் கேட்டதற்குச் சொல்வது: இது என் புருஷனுடையது அல்ல. இதில் வியர்வை வாடையே இல்லை, கஞ்சி வாடைதான் இருக்கிறது. அவருடைய துண்டு இதோ, நான் கொண்டுவந்திருக்கிறேன். சிவப்புக் கரை. மேனேஜர் ஆயுத பூஜையன்று எல்லோரும் பார்க்கத் தோளில் போட்டது. ஒரு முனையில் பீடி நெருப்புப் பட்ட ஓட்டை. அதைக் கோணி நூலால் நான்தான் தைத்தேன், என் தையல் எனக்குத் தெரியும். சம்பவத்தன்று அவர் என் மடியில் போட்டதிலிருந்து இது என்னை விட்டுப் பிரியவில்லை. நான் துவைக்கவும் இல்லை. எசமான் மோந்து பார்க்கலாம்.

துண்டைத் தாக்கல் செய்கிறாயா என்று கேட்டார்கள். கொடுத்தால் எங்கே வைப்பீர்கள் என்று நான் கேட்டேன். சாமான் அறையில், சீட்டுக் கட்டி, தனியாக ஓர் ஆணியில் மாட்டி வைப்போம் என்று குமாஸ்தா சொன்னார். அந்த ஆணியில் வேறு யாருடையதையும் மாட்டமாட்டீர்களே என்று கேட்டேன். வழக்கு முடியும் வரைக்கும் மாட்டமாட்டோம் என்றார். சரி என்று கொடுத்தேன். சீட்டில் யார் துண்டு என்று எழுதுவது என்று கேட்டார். சேவகர் சொல்ல வந்தார், வேண்டாம் என்று தடுத்தேன். காத்தான் துண்டு என்று எழுதுங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன்.

இதுவரை நான் சொன்னது அத்தனையும் கண்டதும் காதால் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதைக் குமாஸ்தா எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது.

இப்படிக்கு, வீராயி. கையெழுத்துத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை.

என் முன்னிலையில் ரேகை வைக்கப்பட்டது. சப் மாஜிஸ்திரேட்.